பந்தியில் காலியாயிருந்த இடம்



  

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் எழும்பும்போது, நம் சபையின் வயதான சகோதரி ஒருவர் என்னிடத்தில் வந்தார்கள். முப்பது வருஷத்து விசுவாசி. "ஏனுங்க பாஸ்டர், என்ற ஆயுசு பூராவும் சமையக்கட்டுலயே போயிருச்சுங்க. ஊழியம்னு ஒண்ணும் செஞ்சதில்ல. பரலோகத்துல இந்தச் சோறு பொங்குனதுக்கெல்லாம் ஏதாச்சும் கணக்கு இருக்குங்களா?" என்று கேட்டார்கள்.

நான் யோசிக்கவே இல்லை. வேதாகமக் கல்லூரி டிப்ளமா கையில் இருக்கிறதே! "மார்த்தாளா இருந்தது போதும்மா, இனிமே மரியாளா இருங்க" என்று சட்டென்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா சிரித்தார்கள். "சரிங்க பாஸ்டர். அப்ப இன்னிக்கு உபவாசம் முடிக்கிற அறுபது பேருக்கும் கஞ்சி யாருங்க ஊத்தறது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அண்டாவை நோக்கிப் போய்விட்டார்கள்.

பிரியமானவர்களே, அன்றைக்கு என்னிடத்தில் பதில் இல்லை. கஞ்சியை வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. வீட்டில் பொங்கும் சோறும், அதைச் சுற்றி உட்காருகிறதும் ஆத்துமாவுக்கு அடுத்த காரியமா, அல்லது வயிற்றுக்கு அடுத்த காரியம் மட்டும்தானா? கர்த்தர் எனக்கு உணர்த்தினதை இந்த மடலில் எழுதுகிறேன். இதில் பாதி என் சொந்த வெட்கம்.

1. பந்தி ஒரு பள்ளிக்கூடம்

நான் திருநெல்வேலிச் சீமையில் வானம் பார்த்த பூமியில் பிறந்தவன். அம்மா பீடி சுற்றுவார்கள். பகலெல்லாம் முறமும் மடியுமாக இருந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் அடுப்பு மூட்டுவார்கள். கையில் காசு இருந்த நாட்களில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். இல்லாத நாட்களில் பழைய சோறும் சுட்ட கருவாடும். எதுவானாலும் ராத்திரி எல்லாரும் தரையில் வட்டமாக உட்காருவோம். அப்பா ஜெபிப்பார். பிறகு ஆளுக்கு ஒரு வசனம் சொல்லவேண்டும். சொன்னால்தான் தட்டில் சோறு விழும். இன்றைக்கும் இருபத்துமூன்றாம் சங்கீதத்தை நான் பிரசங்கபீடத்திலிருந்து வாசிக்கும்போது, எனக்குள்ளே எள் வறுக்கிற வாசனைதான் வருகிறது.

இஸ்ரவேலருக்குக் கர்த்தர் பஸ்காவைக் கொடுத்தபோது, அதை வீட்டுக்குள்ளே, குடும்பமாய்ப் புசிக்கும் ஆகாரமாகக் கொடுத்தார். அதைப் பார்த்துப் பிள்ளைகள் 'இது என்ன?' என்று கேட்பார்கள், அப்போது தகப்பன் பதில் சொல்லவேண்டும் என்று முன்கூட்டியே ஏற்பாடும் பண்ணினார் (யாத்திராகமம் 12:26,27). எகிப்தின் விடுதலையை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோகத் தேவன் தெரிந்துகொண்ட இடம் சாப்பாட்டுப் பந்தி. பிள்ளை கேட்கவேண்டும் என்றால் பிள்ளை அங்கே இருக்கவேண்டும். பதில் சொல்லவேண்டும் என்றால் தகப்பனும் அங்கே இருக்கவேண்டும்.

2. பந்தி பொல்லாததையும் கற்றுக்கொடுக்கும்

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். எங்கள் வீட்டு வட்டத்தில் அம்மா உட்கார்ந்ததே இல்லை. "எனக்குப் பசிக்கலடா, நீ சாப்பிடு" என்பார்கள். நான் அதை நம்பினேன். சின்னப் பையன்தானே! பானையில் மீதி எவ்வளவு இருந்தது என்று எட்டிப் பார்க்கிற புத்தி எனக்கு இல்லை. அப்பாவுக்கும் எனக்கும் மீன் துண்டு, அக்காவுக்குக் குழம்பு. அதையும் நான் நியாயம் என்றே எண்ணினேன். ஆக, சங்கீதத்தைக் கற்றுக்கொண்ட அதே பந்தியில், அம்மாமாருக்குப் பசிக்காது என்பதையும் கற்றுக்கொண்டேன்.

ஈசாக்கின் வீட்டைப் பாருங்கள். வேட்டைக்கறியின் ருசியினிமித்தம் தகப்பனுக்கு மூத்தவன்மேல் பிரியம்; தாய்க்கு இளையவன்மேல் பிரியம் (ஆதியாகமம் 25:28). பருப்புக் கூழுக்காக ஒரு மகன் சேஷ்டபுத்திர பாகத்தை விற்கிறான். ருசியுள்ள ஒரு சாப்பாட்டைக் கொண்டே இன்னொரு மகன் குருட்டுத் தகப்பனை ஏமாற்றுகிறான். அந்த வீட்டில் ஆகாரத்துக்குக் குறைவில்லை; சமையலிலும் குறைவில்லை. பரிமாறினதில் பாரபட்சம் இருந்தது. அந்தக் குடும்பம் இரண்டாய்ப் பிளந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், யாரும் வருத்தப்படவேண்டாம். யாரோடு சாப்பிடலாம், யாரோடு சாப்பிடக்கூடாது என்பதையும் பிள்ளைகள் வீட்டுப் பந்தியில்தான் கற்றுக்கொள்கிறார்கள். 1982-ல் தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது. அதில் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளோடும் ஒரே வரிசையில் தட்டை வைத்துக்கொண்டு உட்காருவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், சொந்தக்காரப் பெரியவர் ஒருவர், "யார் பக்கத்துலடா உக்காந்த?" என்று விசாரிப்பார். அவரும் சபைக்கு வருகிறவர்தான்! அந்தியோகியாவில் பேதுரு இப்படித்தான் பந்தியை விட்டு விலகினார். பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2:11-14). ஞானஸ்நானம் எடுத்து, அந்நியபாஷை பேசி, வீட்டுக்கு வந்த விசுவாசிக்குத் தனி டம்ளரில் டீ கொடுத்தால், நம் பிள்ளை நம்முடைய பிரசங்கத்தையா நம்பும், டம்ளரையா நம்பும்? டம்ளரைத்தான் நம்பும்.

3. என் இடம் காலியாயிருந்தது

இப்போது என் வெட்கத்துக்கு வருகிறேன்.

பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தேன். பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் காலை எட்டரைக்குப் போய் ராத்திரி எட்டரைக்குத்தான் விடுவார்கள். 2004-ல் கலியாணம். என் மனைவியும் செக்கிங் வேலைக்குப் போனாள். பிறகு கர்த்தர் ஊழியத்துக்கு அழைத்தார். வேலை முடிந்ததும் வீட்டுக்கூட்டம், புதன் வேதபாடம், வெள்ளி உபவாசம், மாதம் ஒரு முழு இரவு ஜெபம். போகிற வீடுகளில் விசுவாசிகள் அன்போடு சாப்பாடு போட்டார்கள். என் வீட்டில் என் தட்டு மூடியே இருக்கும்.

காலமும் மாறிக்கொண்டே வந்தது. 2006 முதல் அரசு இலவசக் கலர் டிவி கொடுத்தது. எங்கள் லைன் வீட்டுப் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். 2011 முதல் மிக்ஸியும் கிரைண்டரும் வந்தன. பெண்களின் கைவலி குறைந்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பிறகு ஆளுக்கொரு செல்போன். ஒருவர் எட்டு மணிக்கு, ஒருவர் ஒன்பது மணிக்கு, ஒருவர் பதினொரு மணிக்கு என்று ஒரே பானைச் சோற்றை நான்கு முறை தனித்தனியாகச் சாப்பிடும் வீடுகளானோம்.

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. கம்பெனி மூடினது, சபை மூடினது. ரேஷன் கார்டுக்கு அரசு கொடுத்த ஆயிரம் ரூபாயும், அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் தொடர்ந்து மூன்று வேளையும் என் வீட்டில் சாப்பிட்டேன். மகனுக்கு அப்போது பதினாலு வயது, மகளுக்குப் பத்து. நான் வந்து உட்கார்ந்ததும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, என் மகள், "அப்பா, நீங்க எப்ப வெளியே போவீங்க?" என்று கேட்டாள். குறும்பாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

சவுலின் பந்தியில் தாவீதின் இடம் காலியாயிருந்தது. இரண்டாம் நாளே சவுல், 'ஈசாயின் மகன் எங்கே?' என்று விசாரித்தான் (1 சாமுவேல் 20:25-27). கொல்ல நினைத்தவனாவது தேடினான். என் வீட்டில் என் இடம் பல வருஷம் காலியாயிருந்து, தேடுகிற பழக்கமே போய்விட்டது.

அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்துபோனேன். என் மனைவி அடுப்படியில் நின்றுகொண்டு, குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "ஏன் நின்னுட்டு சாப்பிடுற?" என்றேன். "பதினாறு வருஷமா இப்படித்தாங்க. இன்னிக்குத்தான் பாத்தீங்களா?" என்றாள்.

பிரியமானவர்களே, என் அம்மாவுக்குப் பசித்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கினது.

நான் வாரந்தோறும் உபவாசிக்கிறவன். ஆனால் கர்த்தர் விரும்புகிற உபவாசத்தைப்பற்றி ஏசாயா சொல்லும்போது, பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிருவதோடு, சொந்த இரத்தபந்தத்துக்கு நம்மை மறைத்துக்கொள்ளாமலிருப்பதையும் சேர்த்தே சொல்லுகிறார் (ஏசாயா 58:7). நான் சோற்றைத்தான் வெறுத்தேன் என்று நினைத்திருந்தேன். உள்ளபடி என் வீட்டாருக்கு என்னை ஒளித்துவைத்திருந்தேன். ஆசாரியனாகிய ஏலி தேவனுடைய ஆலயத்திலேயே இருந்தான். அவனுடைய குமாரரோ பலியின் இறைச்சியை முள்துறட்டால் குத்தி எடுத்துத் தின்று கெட்டார்கள் (1 சாமுவேல் 2:12-17). ஊழியக்காரன் வீட்டுப் பிள்ளைகளின் பாவம் சாப்பாட்டில் வெளிப்பட்டதே என்று வாசித்தபோது எனக்கு நடுக்கம் வந்தது. அந்த நடுக்கம் வீண்போகவில்லை.

4. முதலில் போஜனம், பிறகு கேள்வி

ஊரடங்கில் இரண்டு மாதம் போயிருக்கும். அதற்குள் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தது. ஒருநாள் ரசஞ்சோறு சாப்பிடும்போது, என் மகன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அப்பா, போன வருஷம் ஞாயிற்றுக்கிழமை எனக்கும் பாப்பாவுக்கும் நீங்க காணிக்கைக்குக் கொடுத்த இருபது ரூபாயை நான் போடல. சாயங்காலம் அதுல பரோட்டா சாப்பிட்டேன்."

எனக்குத் தலைக்கு ஏறினது. பாஸ்டர் மகன்! காணிக்கைக் காசு! வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி ஒரு கரண்டிச் சோற்றை என் தட்டில் போட்டு, "முதல்ல சாப்பிடுங்க. அப்புறம் பேசலாம்" என்றாள்.

அந்த ஒரு கரண்டிச் சோறு என் வாயை அடைத்தது. சாப்பிட்டு முடித்துக் கைகழுவினபின் கேட்டேன், "ஏன்டா, வீட்டுல சோறு இல்லையா?" அவன், "இருக்குப்பா. ஆனா அங்க கூட்டாளிங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாங்க" என்றான்.

நான் அவனை அடிக்கவில்லை. அடிக்க என்ன முகம் எனக்கு? அவன் தேடினது பரோட்டா இல்லையே. (அந்தப் பணத்தை அவன் பிற்பாடு லீவு நாட்களில் கைமடி வேலைக்குப் போய்ச் சம்பாதித்து, தானாகவே காணிக்கைப் பெட்டியில் போட்டான்.)

அன்று ராத்திரி யோவான் இருபத்தொன்றாம் அதிகாரத்தை எடுத்தேன். எத்தனையோ முறை பிரசங்கம் பண்ணின பகுதி. பேதுரு மறுதலித்தது கரிநெருப்பின் அருகே (யோவான் 18:18). உயிர்த்தெழுந்த ஆண்டவரும் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் பண்ணினார். சீஷர் கரைக்கு வந்ததும், 'ஏன் மறுதலித்தாய்?' என்று ஆரம்பிக்கவில்லை. சாப்பிட வரச் சொன்னார். தம் கையாலே எடுத்துக் கொடுத்தார். அவர்கள் புசித்த பின்புதான் பேதுருவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். அதுவும் அன்பைக் குறித்த கேள்வி (யோவான் 21:9-15). மரணத்தை ஜெயித்தவர், வானத்திலும் பூமியிலும் சகல அதிகாரமும் உடையவர், ராத்திரியெல்லாம் உழைத்துக் களைத்த ஏழு பேருக்குச் சமைத்துவைத்துக் காத்திருந்தார்!

நம்மில் எத்தனை தகப்பன்மார் தட்டு வைத்ததும் விசாரணை ஆரம்பிக்கிறோம்! "மார்க் என்ன?", "போன்ல யாரு?", "எங்க போயிருந்த?" பிள்ளை சோற்றோடு கண்ணீரையும் விழுங்குகிறது. நாளைக்கு அது பேசாது. பேசுகிற இடத்தைத் தேடிப் போய்விடும்.

5. அந்தச் சகோதரிக்கு என் பதில்

மார்த்தாளுக்கு வருகிறேன். ஆண்டவர் அவளைக் கடிந்துகொண்டது சமைத்ததற்காகவா? வசனத்தைக் கவனித்து வாசியுங்கள் (லூக்கா 10:38-42). பல காரியங்களால் அவள் உள்ளம் அலைபாய்ந்தது. தங்கையைக் குறித்து மனத்தாங்கலும் வந்தது. அதைத்தான் திருத்தினார். பிற்பாடு பெத்தானியாவில் இராவிருந்து நடந்தபோதும் மார்த்தாள் பணிவிடைதான் செய்கிறாள் (யோவான் 12:2). அங்கே ஒரு கடிந்துகொள்ளுதலும் இல்லை. கவலை போயிருந்தது, கரண்டி அவள் கையிலேயே இருந்தது. இடையிலே, லாசரு மரித்த துக்கத்தில், இயேசுவே கிறிஸ்து என்று அறிக்கை பண்ணினவளும் அவள்தான் (யோவான் 11:27). அடுப்படியில் நின்றவளுக்கு அந்த வெளிப்பாடு கிடைத்தது.

ஆகவே அந்த அம்மாவின் வீட்டுக்கே போய்ச் சொன்னேன்: "அம்மா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. நீங்க பொங்குனதுக்குக் கணக்கு இருக்கு. சாகக் கிடந்த எலியாவுக்குத் தேவதூதன் முதல்ல பிரசங்கம் பண்ணல, அடை சுட்டுக் கொடுத்தான். ஆனா இன்னொண்ணும் உண்டும்மா. இனிமே கஞ்சி ஊத்துனவங்க கடைசியா நின்னு குடிக்கக் கூடாது. உக்காருங்க, நாங்க ஊத்தறோம்." அந்த வாரம் முதல் நம் சபையில் வாலிப சகோதரர்கள்தான் பரிமாறுகிறார்கள். நீங்களே பார்க்கிறீர்கள்.

6. இதைப் பிரமாணமாக்கவேண்டாம்

ஒரு எச்சரிப்பு. சேர்ந்து சாப்பிட்டால் பரிசுத்தம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. யூதாஸ் ஆண்டவரோடு ஒரே பந்தியில் இருந்து, அவர் கையால் துணிக்கையை வாங்கிக்கொண்டு, வெளியே இருட்டுக்குள் போனான். குடித்துவிட்டு வந்து தட்டை எறிகிற புருஷனோடு நடுங்கிக்கொண்டு உட்காருகிறது ஐக்கியமல்ல. பகையோடு புசிக்கும் கொழுத்த கறியைவிட அன்போடு புசிக்கும் கீரைச்சோறு மேல் என்று ஞானியும் எழுதிவைத்தான் (நீதிமொழிகள் 15:17).

நைட் ஷிப்ட் போகிற சகோதரியே, குற்றமனசாட்சி அடையாதிருங்கள். கடை மாவு வாங்கித் தோசை சுட்டால் பாவமில்லை. ஏழு நாளும் முடியாவிட்டால் ஒரு ஞாயிறு மத்தியானம் போதும். தனியாய் இருக்கிற விதவைத் தாயே, உங்களுக்கு வீட்டில் பந்தி இல்லையென்றால் அது உங்கள் குறையல்ல. உங்களை அழைக்காத எங்கள் குறை. கொரிந்து சபையில் முந்தினவர்கள் வயிறு நிறையச் சாப்பிட, பிந்தின ஏழைகள் பசியாயிருந்தார்கள். பவுல் அவர்களுக்குச் சொன்ன புத்தி, ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கவேண்டும் என்பதே (1 கொரிந்தியர் 11:21,33). காத்திருப்பதுதான் காரியம். எனக்காக யாரோ காத்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளை லேசில் கெட்டுப்போகாது. அப்படியே கெட்டுப்போனாலும், திரும்பிவர ஒரு வீடு உண்டு என்று அதற்குத் தெரியும். பன்றிகளின் தவிட்டுக்கு ஆசைப்பட்ட இளையகுமாரனுக்கு முதலாவது நினைவுக்கு வந்தது தகப்பன் வீட்டுச் சாப்பாடு அல்லவா?

எங்கள் வீட்டில் இப்போது இப்படிச் செய்கிறோம். வாரத்தில் நாலு ராத்திரி வீட்டுக்கூட்டங்களை எட்டரை மணிக்குமேல் வைப்பதில்லை. சமைத்தவள் உட்காரும்வரை யாரும் வாயில் வைக்கிறதில்லை. போன் நாலும் அரிசிப் பானைமேல். மீன் துண்டு மகளுக்கும் எனக்கும் ஒரே அளவு. விசாரணை இல்லை, கைகழுவினபின் ஜெபம். மாதத்தில் ஒருநாளாவது தனியாய் இருக்கிற ஒருவரை அழைக்கிறோம். எந்தத் தெரு என்று கேட்கிறதில்லை. எல்லா நாளும் இது நடக்கிறது என்று சொன்னால் பொய்யாகும். போன வாரம்கூட இரண்டு நாள் தவறினேன். ஆனால் தவறின அன்று என் மகள் போன் பண்ணி, "அப்பா, எங்க இருக்கீங்க? நாங்க உக்காந்துட்டோம்" என்றாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. என் இடம் காலி என்று கவனிக்க என் வீட்டில் மறுபடியும் ஆள் உண்டு. அல்லேலூயா!

பிரியமானவர்களே, ஆட்டுக்குட்டியானவரின் கலியாண விருந்துக்கு நாம் ஆயத்தமாகிறோம். அங்கே ஒரே பந்தியில் உட்காரப்போகிறவர்கள், இன்று ராத்திரி வீட்டில் கொஞ்சம் உட்கார்ந்து பழகவேண்டாமா?

ஜெபிப்போம்: அன்புள்ள ஆண்டவரே, எங்கள் அடுப்படிகளை ஆசீர்வதியும். நின்றுகொண்டே சாப்பிடுகிற தாய்மாரை நாங்கள் பார்க்கும்படி எங்கள் கண்களைத் திறந்தருளும். வீட்டுக்கு ஒளித்துக்கொண்ட தகப்பன்மாரைத் திரும்பக் கொண்டுவாரும். பந்தி இல்லாதவர்களுக்கு எங்கள் பந்தியில் இடம் கொடுக்க மனதைத் தாரும். இயேசுவின் மூலம் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் அன்புச் சகோதரன்